மூன்றாம் ஓலையும் நாலு பக்க ஆமெனும்

ஒன்றும் படிக்காதவனால் ஊருக்குத் தொந்தரவு கிடையாது. நிறையப் படித்தவனாலும் கிடையாது, அவன் பாட்டுக்குப் பேசாமல் இருப்பான். அரைகுறையாகப் படித்துவிட்டு அதை நாலு பேருக்குச் சொல்லியே தீருவேன் என்று துடிக்கிறானே, அவனைத்தான் கட்டிப்போட வேண்டும். இருபத்து மூன்று வயதில் என்னை யாரும் கட்டிப்போடவில்லை.

ஐம்பதுகளின் நடுவில் அது. குன்றாண்டார்கோவில் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் எனக்கு வாத்தியார் வேலை கிடைத்திருந்தது. சொந்த ஊர் ஆவூருக்குச் சற்றுத் தள்ளி. வீட்டுக்கு வீடு வேதக்காரர்கள் (கிறிஸ்தவர்களை அங்கே அப்படித்தான் சொல்வார்கள்). வேலை கிடைத்த கையோடு எனக்குச் சொல்லாராய்ச்சிப் பைத்தியமும் பிடித்துவிட்டது. நான் பிடித்துக்கொண்ட சொல் ‘ஆமென்’. காலையும் மாலையும் செபம் முடித்து அதைச் சொல்கிறோமே, அது எந்த ஊர்ச் சொல் என்று எவனாவது கேட்டானா? நான் கேட்டேன். அங்கேதான் சனி பிடித்தது.

சந்தைக்கு ஜவுளி மூட்டையோடு வரும் ராவுத்தரை நிறுத்திக் கேட்டேன். “நாங்க துஆ முடிச்சு ஆமீன்னு சொல்லுவோம் தம்பி. துணி ஏதும் வேணுமா?” என்றார். பினாங்கிலிருந்து திரும்பிய பெரியப்பா, மலாய்க்காரர்களும் ‘அமின்’ என்றுதான் முடிப்பார்கள் என்றார். பூசையில் சொல்லும் லத்தீனிலும் ஆமென், கிரேக்கத்திலும் ஆமென். எகிப்தில் அமோன் என்று ஒரு பழைய தெய்வம் இருந்ததாகப் படித்தேன். அதற்கும் இதற்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை, இருந்தாலும் பாவம் என்று அதையும் சேர்த்துக்கொண்டேன். முடிவு என்ன? இத்தனையும் நம்முடைய ‘ஆம்’ என்ற சொல் போட்ட குட்டிகள்! சாலமோன் ராசாவுக்குக் கப்பலில் மயில் போனது என்று வேதாகமத்தில் இருக்கிறது. அந்த மயிலோடு நானே ‘ஆம்’ என்ற சொல்லையும் ஏற்றி அனுப்பிவைத்தேன்.

எங்கள் கோவில் சாமியார் குருமடத்தில் எபிரேயம் படித்தவர். பொறுமையாகச் சொன்னார்: “அது எபிரேய வார்த்தைப்பா. உறுதியானது, நம்பத் தகுந்ததுன்னு அர்த்தம். அமானத்துன்னு சொல்றோமே, நம்பி ஒருத்தர்கிட்ட ஒப்படைக்கிறது, அந்த அரபி வார்த்தைகூட இதுக்குச் சொந்தக்காரன்தான்.”

“சரிங்க சாமி. எபிரேயருக்கு அதை யாரு குடுத்தாங்க?” என்று கேட்டேன்.

அதோடு விடாமல், என் கண்டுபிடிப்பைப் பூசையில் எல்லோருக்கும் சொல்ல இடம் கொடுங்கள் என்று அவரைப் பிடித்துக்கொண்டேன். அந்தக் காலத்தில் பூசை நேரத்தில் எங்களைப் போன்றவர்கள் எழுந்து பேசுவது என்ற பேச்சுக்கே இடம் கிடையாது. ஆனால் மூன்று வாரம் நான் அவரை அரித்த அரிப்பில் அவரே இறங்கி வந்துவிட்டார். “ஞாயித்துக்கிழமை பிரசங்கம் முடிஞ்சு அறிவிப்பெல்லாம் வாசிப்பேன். வாசிச்சு முடிச்சதும் எந்திரிச்சு ரெண்டே நிமிசம் பேசிட்டு உக்காந்துரு. அதோட என்னைய விட்டுரு” என்றார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை என்ன நாள் என்பதை நான் யோசிக்கவே இல்லை.

எங்களில் ஒரு கல்யாணம் என்றால், அதை மூன்று ஞாயிறு கோவிலில் அறிவிக்க வேண்டும். அதற்கு ஓலை வாசிப்பது என்று பெயர். இன்னாரின் மகனுக்கும் இன்னாரின் மகளுக்கும் கல்யாணம், தடை ஏதும் அறிந்தவர்கள் தெரிவிக்கக் கடமைப்பட்டிருக்கிறார்கள் என்று படித்துவிட்டுச் சாமியார் சற்று நிறுத்துவார். அன்றைக்கு என் அத்தை மகள் புஷ்பத்துக்கு மூன்றாம் ஓலை. புதன்கிழமை கல்யாணம். மாப்பிள்ளை இன்னாசிமுத்து திருச்சியில் கம்பவுண்டர். மாப்பிள்ளை வீட்டார் விருந்துக்காக வண்டி கட்டி வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள்.

அத்தை மகள் என்றால் எனக்கு முறைப்பெண். எங்கள் பக்கம் மாமன் மகனைக் கேட்டு, அவன் வேண்டாம் என்ற பிறகுதான் வெளி மாப்பிள்ளையைப் பார்ப்பார்கள். என்னையும் கேட்டார்கள். “ஆராய்ச்சி முடியட்டும்” என்று பெரிய மனிதன் மாதிரிச் சொல்லிவிட்டேன். அதைக் கேட்டுப் புஷ்பம் அந்தோணியாருக்கு மெழுகுவத்தி ஏற்றினாள் என்று பிறகு தெரிந்தது. அவளுக்கு அந்தக் கம்பவுண்டரை அவ்வளவு பிடித்திருந்தது.

நான் ஆண்கள் பக்கம் தூணோரம் உட்கார்ந்து, நாலு பக்கக் கட்டுரையை முணுமுணுத்துக்கொண்டிருந்தேன். சாமியார் என்ன வாசித்தார் என்று ஒரு எழுத்துக்கூட மண்டையில் ஏறவில்லை. திடீரென்று அவர் குரல் நின்றது. சரி, நம் நேரம் வந்துவிட்டது என்று சட்டென எழுந்து, தொண்டையைச் செருமி, மனப்பாடம் செய்த முதல் வரியைக் கணீரென்று எடுத்துவிட்டேன்.

“பெரியோர்களே! இத்தனை நாள் என் நெஞ்சுக்குள் பூட்டி வைத்திருந்ததை இன்று சொல்லிவிடப் போகிறேன்!”

அவ்வளவுதான். “அய்யோ, எஞ் சேசுவே!” என்று பெண்கள் பக்கம் அத்தை மார்பில் அடித்துக்கொண்டாள். “நான் அப்பவே சொன்னேன்ல, முறைக்காரன் மனசுல வச்சிருக்கான்னு!” என்று பின்னாலிருந்து ஒருவர் (அவர் எதையும் அப்போது சொன்னதில்லை). என் அப்பா கையிலிருந்த செபமாலையை நழுவவிட்டார். மாப்பிள்ளையின் அப்பா பட்டாளத்திலிருந்து வந்தவர், மீசை மட்டுமே ஒரு ஆள் உயரம் இருக்கும். அவர் மெல்லத் திரும்பி என்னைத் தலை முதல் கால் வரை அளந்தார். சாமியார் கண்ணை மூடிக்கொண்டு, “உக்காருப்பா. பூசை முடியட்டும்” என்றார்.

மிச்சப் பூசை எவ்வளவு நேரம் நடந்தது என்று கேட்காதீர்கள். என் ஆயுளில் பாதி அங்கேதான் போயிற்று.

வெளியே வந்ததும் வேப்பமரத்தடியில் என்னை வளைத்துக்கொண்டார்கள். “ஆராய்ச்சி, ஆமென்” என்று நான் ஏதோ உளறினேன். யார் நம்புவார்கள்? மாப்பிள்ளையின் அப்பா, “வண்டியக் கட்டுங்கடா! இன்னொருத்தன் மனசுல இருக்குற பொண்ணு எங்க வீட்டுக்கு வேணாம்” என்று கத்தினார். புஷ்பம் கூட்டத்தை விலக்கிக்கொண்டு என் முன்னால் வந்து நின்றாள். முகமெல்லாம் கண்ணீர்.

“மச்சான், ஒங்களுக்கு நான் என்ன பாவம் செஞ்சேன்?” என்றாள்.

இப்போது சிரித்துக்கொண்டே எழுதுகிறேன். ஆனால் அந்த நிமிடம் பூமி பிளந்து என்னை விழுங்கியிருந்தால் நன்றி சொல்லியிருப்பேன். கூடப் பிறந்தவள் மாதிரி வளர்ந்த பெண்ணின் வாழ்க்கையை என் வாய்க்கொழுப்பு கெடுத்துவிட்டதே என்று அழுகை வந்துவிட்டது. கையிலிருந்த காகிதங்களைச் சாமியாரிடம் நீட்டினேன். அவர் புரட்டிப் பார்த்துவிட்டு என்னிடமே திருப்பிக் கொடுத்தார்.

“இவன் பேசவந்தது இதத்தாங்க. நாந்தான் எடம் குடுத்தேன், நானே மறந்துட்டேன். டேய், எல்லாருக்கும் கேக்குற மாதிரி படி” என்றார்.

படித்தேன். கண்ணீரைத் துடைத்துக்கொண்டே, உச்சி வெயிலில், எபிரேயத்திலிருந்து ஆரம்பித்தேன். கிரேக்கத்துக்கு வருவதற்குள் பாதிப் பேர் நிழல் தேடி அங்கிட்டு நகர்ந்துவிட்டார்கள். ராவுத்தரின் வாக்குமூலத்தைப் படிக்கும்போது வண்டிமாடுகள் சாணி போட்டன. எகிப்துக்குள் நுழைந்ததும் மாப்பிள்ளை கொட்டாவி விட்டார். மூன்றாம் பக்கத்தில் சாலமோனுக்குக் கப்பல் கிளம்பியபோது, மாப்பிள்ளையின் அப்பா இரண்டு கையையும் உயர்த்தினார்.

“போதும்டாப்பா, நிறுத்து. பொண்ணு மேல ஆசை வச்ச பய எவனும் ஒக்காந்து இதை எழுதிக்கிட்டு இருக்க மாட்டான். மாட்ட அவுத்துக் கட்டுங்கடா, புதன்கெழமை கல்யாணம்.”

எல்லோரும் மூச்சு விட்டார்கள். புஷ்பம் மட்டும் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, “இன்னும் ஒரு பக்கம் இருக்கு மாமா. அதையும் படிக்கச் சொல்லுங்க. ஒருத்தருக்கும் சந்தேகம் இருக்கக்கூடாது” என்றாள்.

படிக்க வைத்துவிட்டுத்தான் சாப்பிடப் போனார்கள்.

இரண்டு வருடம் கழித்து எனக்கும் ஓலை வாசித்தார்கள். மூன்று ஞாயிறும் என் மச்சினன்மார் இருவர் இரண்டு பக்கமும் உட்கார்ந்து ஆளுக்கொரு தொடையை அழுத்திப் பிடித்துக்கொண்டார்கள். அன்றிலிருந்து எங்கள் சொந்தத்தில் எந்த ஓலை வாசித்தாலும், ‘தடை ஏதும் அறிந்தவர்கள்’ என்ற இடம் வந்ததும் மொத்தச் சனமும் என்னைத் திரும்பிப் பார்க்கும். பிறக்காத பிள்ளைகள்கூடப் பிறந்து வந்து அதைப் பழகிக்கொண்டார்கள்.

போன வருடம் புஷ்பத்தின் பேத்திக்கு ஓலை. சாமியார் ஊருக்குப் புதியவர், விவரம் தெரியாது. அந்த இடத்தைப் படித்து நிமிர்ந்தவர், கோவிலே திரும்பி ஒரு கிழவனைப் பார்ப்பதைக் கண்டு பதறிப்போய், “பெரியவர் ஏதாச்சும் சொல்லணுங்களா?” என்று கேட்டார்.

முட்டிவலியில் நானே எழுந்திருக்க முடியாமல் கிடக்கிறேன். பெண்கள் பக்கத்திலிருந்து புஷ்பத்தின் குரல் வந்தது.

“அவரு வேணாம்னு சொல்லித்தான் நான் நல்லா இருக்கேன் சாமி. நீங்க மேல படிங்க.”