பாதி நுழைந்த கார்

மல்கிரேவ், மெல்பேர்ன்,
தை 2012

பெருமதிப்புக்குரிய இந்திரகுமார் மாமாவுக்கு,

மருமகள் லக்சிகா வணக்கத்துடன் எழுதுவது. நாங்கள் நலம் என்றுதான் தொடங்க வேண்டும். நானும் அப்பாவும் இருக்கிறோம். சோறு குழைகிறது. சிட்னி பரமட்டாவில் நீங்களும் கலா மாமியும் அம்மாவும் சுகமாயிருக்கப் பிள்ளையார் துணை.

ஒரு கிழமைக்கு என்று அங்கே வந்த அம்மா இன்னும் திரும்பவில்லை. மாமியின் முதுகுவலிக்கு உதவியாக வந்ததாகச் சொல்லியிருப்பார். காரணம் முதுகு அல்ல, எங்கள் கராஜ். அம்மாவை அனுப்பிவையுங்கள் என்று கேட்கவே இந்தக் கடிதம். நான் தொலைபேசி எடுத்தால், "சாப்பிட்டியே?" என்று கேட்டுவிட்டு வைத்துவிடுகிறார்.

அப்பா மொஸ்கோவில் படிக்கப் போனபோது அந்த நாடு தேய்ந்துகொண்டிருந்தது. மேலே இருந்தவர்கள் சீர்திருத்தம் என்றார்கள். குடியைக் குறைக்கச் சட்டம் போட்டார்கள். சனம் சீனி போட்டு வீட்டில் காய்ச்சியது. கடைகளில் சீனி மறைந்தது. பிறகு சவர்க்காரம். இன்னும் ஒரு குளிர்காலம், எல்லாம் சரிவரும் என்று அப்பா நம்பினார். நம்பிக்கொண்டே வரிசையில் நின்றார். முதலில் வரிசையில் சேர்வது, பிறகு என்ன விற்கிறார்கள் என்று கேட்பது. நாடு போய்விட்டது. பழக்கம் அவரோடு மெல்பேர்னுக்கு வந்தது. மலிவு விற்பனை என்று எங்கே கண்டாலும் பெட்டி பெட்டியாக வாங்கினார். கராஜில் கூரைவரை சவர்க்காரமும் சீனியும். அவருக்கோ நீரிழிவு.

"உங்கட மொஸ்கோவில நிக்கிறதுக்கு ஒரு வரிசையெண்டாலும் இருந்தது," என்பார் அம்மா. "ஊரில சண்டை நேரம், பொருளாதாரத் தடைக்குள்ள நாங்கள் பனங்காய் போட்டு உடுப்புத் தோய்ச்சனாங்கள். நான் ஒரு சவுக்காரக்கட்டியை எண்டாலும் ஒளிச்சு வைக்கிறனானே?"

பிறகு கிறிஸ்மஸ் அன்று அந்த ஆலங்கட்டி மழை. முதியோர் இல்லத்தில் இடுப்பொடிய வேலைசெய்து அம்மா வாங்கிய புதுக் கார், கராஜில் இடமில்லாததால் ரோட்டில் நின்ற கார், அதன் கூரையில் கட்டிகள் படபடவென்று விழ, அம்மா குசினி யன்னலால் பார்த்தபடி நிற்க, அப்பா கராஜுக்கு ஓடிப்போய்த் திரும்பி வந்து, "கடவுளே எண்டு ஒண்டும் நனையேல்லை" என்று சொல்ல, அம்மா யன்னல் சீலையை இழுத்து மூடினார், மாமா, அதுதான் பயமாயிருந்தது.

அடுத்தநாள் அப்பா சீர்திருத்தம் அறிவித்தார். "இனி இந்த வீட்டில ஆரும் எதையும் வெளிப்படையாக் கதைக்கலாம்." அம்மா கதைத்தார். சவர்க்காரத்தில் தொடங்கி, மத்தியானத்துக்குள் கலியாணத்தன்றுவரை போய்விட்டார். "இஞ்சேரும், சவுக்காரத்தைப் பற்றி மட்டும் கதையுமன்," என்று அப்பா கெஞ்சினார். வெளிப்படை அங்கே நிற்காது என்பது மொஸ்கோவில் இருந்தவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

பிறகு சீனியைப் பொங்கலுக்கென்று த பேசினில் இருக்கிற பிள்ளையார் கோயிலுக்குக் கொண்டுபோனார். மடப்பள்ளியில் நின்ற சிறிதரன் அண்ணை மூட்டையைத் தட்டிப் பார்த்தார், கல்லைத் தட்டிய சத்தம். "அண்ணை, இது பொங்கலுக்கில்லை, அத்திவாரத்துக்குத்தான் சரி." அப்பா அதைத் திருப்பிக் கொண்டுவந்து, பழைய இடத்திலேயே வைத்தார்.

கடைசியில் கராஜில் பாதியை மட்டும் ஒதுக்கினார். மறுபாதி "நிலைமை தெரியும்வரைக்கும்." காரின் முன்பாதி உள்ளே, பின்பாதி வெளியே. கதவு மூடாது. என் பல்கலைக்கழகக் கட்டுரையிலும் அந்த நாட்டைப் பற்றி இதையே எழுதியிருந்தேன்: பழையதைப் பாதி குலைத்தார்கள், புதியதைப் பாதி கட்டினார்கள், நடுவில் சனம் நின்றது. நல்ல புள்ளி கிடைத்தது. அம்மா காரைப் பார்த்தார். சிட்னிக்கு ரிக்கற் போட்டார்.

அம்மா போன பிறகு அப்பா கராஜில் கதிரை போட்டு இருந்தார். ஒருநாள் கேட்டார்: "பிள்ளை, நீ படிச்சனீதானே. அவை உண்மையாத்தான் திருத்த நினைச்சவை. பிந்திப்போச்சோ?"

நான் ஆங்கிலத்தில் ஏதோ சொன்னேன். சிக்கலான விஷயம் என்பதுபோல. அப்பா தலையாட்டினார். 'இல்லை அப்பா, இன்னும் பிந்தவில்லை' என்று சொல்லியிருக்கலாம். ஒரு நாட்டைப் பற்றியல்லவே கேட்டார்.

நேற்றுப் பின்னேரம் வந்து பார்த்தால் கராஜ் வெறுமை. கூட்டிக் கழுவியும் இருந்தது. கார் முழுதாக உள்ளே. கதவு மூடுகிறது. அப்பா அதை மூடியும் திறந்தும் காட்டினார். குப்பை மேட்டுக்கு எல்லாவற்றையும் அனுப்பிவிட்டார்போல. கேட்டு அவரை நோகடிக்க மனம் வரவில்லை. மாமா, அவர் திருந்திவிட்டார். தயவுசெய்து அம்மாவிடம் சொல்லுங்கள்.

மாமியின் முதுகு நிமிரவும், உங்கள் வீட்டில் எக்குறையும் வராதிருக்கவும் வேண்டி,

அன்பு மருமகள்
லக்சிகா

பி.கு.: முத்திரை ஒட்டும்போது அப்பாவின் தொலைபேசி. சிட்னிக்கு வரும் வழியில் அல்பரி தாண்டிவிட்டாராம். அவருடைய சிநேகிதர் தவம் அங்கிளின் லொறியில், முன்சீட்டில். பின்னால் முழுக் கராஜும். "மச்சான் வீட்டில ரெண்டு கார் விடுற கராஜெல்லே, பிள்ளை. திரும்பேக்க லொறி வெறுமைதானே, கொம்மா தன்ர சாமானெல்லாத்தையும் ஏத்திக்கொண்டு வரலாம்." நான் எழுதியதெல்லாவற்றையும் மறந்துவிடுங்கள். இந்தக் கடிதம் வருமுன் அவர் வந்திருப்பார். நீங்கள் இதை ஒரு சவர்க்காரப் பெட்டியின்மேல் இருந்து வாசிக்கக்கூடும். அம்மா கதவைத் திறந்தாரா, மாமா? அதை மட்டும் எழுதுங்கள்.