சர்க்கரை ரோஜாவுக்கு நடந்த போர்

அட்டைப்பெட்டிகளின் அதிபதியும், ஜோகுபாளையத்துச் சந்து ஒன்றில் முதல் மாடி முழுவதையும் வாடகைக்கு எடுத்து ஆளும் வேந்தனும், பெரிய ஓட்டலில் ஒருநாள் நிர்வாகப் பயிற்சி பெற்று ஞானம் கொண்டு மீண்டவனுமாகிய ஆராவமுதனை வணங்கி இந்தப் போர்க்கதையைத் தொடங்குகிறோம்.

மீண்ட மறுநாளே, பெட்டி ஒட்டும் மேசையை அரியணைபோல் அலங்கரிக்கச் செய்து, அதன்மேல் வெண்பனிக் குன்றென ஒரு கேக்கை எழுந்தருளப் பண்ணி, முரசதிரும் குரலில் அவன் முழங்கினான்: "நம்ம கம்பெனில பெரியவங்க சின்னவங்க கிடையாது. ஒவ்வொருத்தர் உழைப்பும் எனக்கு ஒண்ணுதான்."

கைதட்டல் ஓயுமுன் சமத்துவத்துக்குச் சோதனை வந்தது. குன்றின் உச்சியில் சர்க்கரை ரோஜா ஒன்றே ஒன்று இருந்தது. கோப்புகளின் காவலன், மேலாளர் சந்திரசேகரன் அதன்மீது தன் கரண்டியை நாட்டினான். பெட்டி விற்கும் சொல்லேருழவன் ஜெயராஜ் மறுபுறமிருந்து தன் கரண்டியைப் பாய்ச்சினான். மதங்கொண்ட களிறுகள் இரண்டு ஒரு கரும்புக்கு மோதினாற்போல் பிளாஸ்டிக்கோடு பிளாஸ்டிக் பொருத, கிரீம் குருதியெனத் தெறித்துச் சுவரையும் தரையையும் சந்திரசேகரனின் மூக்குக்கண்ணாடியையும் நனைத்தது.

"ஆர்டர் கொண்டு வர்றவன் நான்."

"அதை முடிச்சுக் குடுக்கறவன் நான்."

நடுநிலை பிறழாத வேந்தன் இருவரையும் விலக்கி, ரோஜாவைத் தன் வாயில் இட்டுக்கொண்டு, "பிரச்சினை முடிஞ்சுது" என்று தீர்ப்பளித்தான். மிஞ்சிய குன்றை, ஒட்டுவோரும் மடிப்போரும் அடங்கிய சேனை இமைப்பொழுதில் சூறையாடியது.

அப்போதுதான் அந்த இடத்தைத் தினமும் கூட்டிப் பெருக்கும் எல்லம்மா, நல்ல புடவை கட்டி, தலையில் பூ வைத்து, ஸ்ரீராம்புரத்திலிருந்து பஸ் மாறி வந்து சேர்ந்தாள். வெறும் தட்டைப் பார்த்தாள். வேந்தனோ அவளைக் கண்டதும் முகம் மலர்ந்தான்.

"நல்ல நேரத்துல வந்தீங்க எல்லம்மா. நீங்க இல்லாம இந்த கம்பெனியே இல்ல. இந்தத் தரைய மட்டும் கொஞ்சம்..."

"இன்னிக்கு எனக்கு ரஜா சார், வேலை இல்ல. கேக் வெட்டறோம், எல்லாரும் வரணும்னு போன் பண்ணாங்க. அதுக்குத்தான் வந்தேன்."

வந்த படியிலேயே அவள் இறங்கிப் போனாள். ரோஜா கொண்ட கோமகனும், அதை இழந்த மறவர் இருவரும், அரைவயிறு நிறைந்த சேனையும், வழுக்கும் களத்தில் கால் பெயர்க்க அஞ்சி ஒருவர் முகத்தை ஒருவர் நோக்கி நின்றனர்.

துடைப்பம் எங்கே இருக்கிறது என்று அங்கே யாருக்கும் தெரியவில்லை.