செத்தவன் யாரிடம் பேசுவான்?

அஞ்சுகிராமம்

மதிப்புக்குரிய மைத்துனர் நாராயணபெருமாள் அவர்களுக்கு,

பகவதியப்பன் எழுதுவது. நான் நலம். இதைச் சம்பிரதாயத்துக்காக எழுதவில்லை. தயவுசெய்து இரண்டு தடவை படியும். என் போனை நீர் எடுக்காததால்தான் கடிதம்.

என் மகள் சுபிதா வீட்டிலிருந்தே ஒரு கம்ப்யூட்டர் விளையாட்டுக் கம்பெனிக்கு வேலை பார்க்கிறாள். விளையாட்டில் பிணங்கள் எழுந்து நடக்கும். அவற்றின் பேச்சும் குரலும் அந்த விளையாட்டின் கதைக்கு ஒத்துவருகின்றனவா என்று பார்த்துத் திருத்துவது இவள் பொறுப்பு. படிக்கவைத்தது இதற்கா என்று கேட்காதீர், நானே கேட்டாயிற்று.

வியாழக்கிழமை நானும் உம் அக்காள் ஓமனாவும் பல் பிடுங்க நாகர்கோவில் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தோம். இவள் மாடியில் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, "பெரியவரு காலையிலேயே செத்தாச்சுல்லா? பொறவு எப்படிப் பெத்த பிள்ளைகிட்டப் பேசுவாரு?" என்று கம்பெனிக்காரனிடம் கத்தியிருக்கிறாள். அடுத்த வீட்டு ராஜமணிக்கு ஊரைக் கூட்ட இது போதாதா? ஒரு பல்லுக்காக மனுஷன் சாவானா என்று ஒருவர்கூட யோசிக்கவில்லையே! திரும்பி வந்தால் முற்றம் நிறையப் பிளாஸ்டிக் சேர், தெரு முக்கில் கண்ணீர் அஞ்சலி பேனர், நடுவில் மாலையோடு நீர்! உம் வீட்டுக் கல்யாணப் பந்தியில் எனக்குப் போளி விளம்பாத தகராறுக்குப் பிறகு என் வாசலை மிதிக்காத நீர், "அத்தானே, ஒரு வார்த்த பேசாமப் போயிட்டியளே!" என்று நெஞ்சில் அடித்து அழுகிறீர். என் வாயில் பஞ்சு, தாடையைச் சுற்றித் துண்டுக்கட்டு. அந்தக் கோலத்தில், "எப்ப வந்த மக்கா?" என்று கேட்டுத் தொலைத்தேன். நீர் மாலையை என்மேல் எறிந்துவிட்டுச் சுவரேறிக் குதித்தீர்.

பெற்ற மகள் என்ன செய்தாள் தெரியுமா? மாடியிலிருந்து ஓடிவந்து, "அப்பா, இன்னொருக்கா சொல்லுங்க! எங்க கதையில செத்தவன் எந்திச்சா பகையாளிகிட்ட மட்டுந்தான் பேசுவான். இந்தக் கொரலு கிட்டாமத்தான் காலையிலேருந்து மல்லுக்கட்டுதேன்!" என்கிறாள். நான் திண்ணமாகச் சொல்கிறேன், இவள் நாளையே இந்த வேலையை விட்டாக வேண்டும். நீரும் அந்தப் பேனரை உடனே கழற்றும். இனி உமக்கும் எனக்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை.

உம் பிள்ளைகளுக்கு என் ஆசிகள். சுவரேறிய கால் நலமாகட்டும்.

இப்படிக்கு,
உயிருள்ள
பகவதியப்பன்

பி.கு: சுபிதா கம்பெனிக்கு என் குரலைக் கொடுத்தாயிற்று, நன்றாக வந்திருக்கிறதாம். பேனரும் இருக்கட்டும், போட்டோவில் லட்சணமாகத்தான் இருக்கிறேன். நீர் அழுததைக் கேட் பக்கத்தில் நின்று கொஞ்ச நேரம் கேட்டுவிட்டுத்தான் உள்ளே வந்தேன். அன்றிலிருந்து மனசு சரியில்லை. ஞாயிற்றுக்கிழமை வாரும், மாலை வேண்டாம்.