ரிஜெக்ட் அண்ணன் பாஸ் போட்ட ஞாயிறு

ரிஜெக்ட் அண்ணனிடம் பாஸ் வாங்கிய பொருள் ஓசூர் எல்லைக்குள் எதுவும் கிடையாது. எங்கள் கம்பெனியில் தர ஆய்வாளர். கேட்டைத் தாண்டினாலும் அந்தக் கண் ஓயாது. மெஸ் இட்லியை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, "ஒரு பக்கம் தடிமன் கம்மி" என்பார். பெண் பார்க்க அழைத்துப்போன மாமா, அந்த வீட்டுப் படிக்கட்டைப் பற்றி வாய் திறக்கக் கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டுதான் உள்ளே விட்டாராம்.

ஒரே வாடகை வீட்டில் அண்ணனோடு சேர்த்து நாங்கள் நான்கு பேர். ஷிஃப்ட் மாறி மாறி வந்ததால் முகம் பார்ப்பது ஞாயிறு மட்டும். அன்றும் ஆளுக்கொரு மூலை, ஆளுக்கொரு செல்போன். எங்களில் ஒருவரான கெலமங்கலத்துக் கன்னடக்காரர் மஞ்சு ஒருநாள் அண்ணனிடம் சொல்லிவிட்டார்: "பேச்சுத்தொணைக்கு ஆளில்ல. மாசக் கடைசில காலி பண்ணிக்கறேன்ணா."

அண்ணனுக்குச் சுருக்கென்றது. "நாலு பேரும் சேந்து ஆடற கேம் ஒண்ணு வேணும்" என்றார். ஒருவர் கதை சொல்ல, மற்றவர்கள் பாத்திரமாகவே மாறிப் பேச, முடிவைப் பகடை சொல்லும் ஆட்டம். கையில் இருந்தவை இரண்டு. ஒன்று டிராகன் போர். தலையணை மொத்தத்துக்கு விதிப்புத்தகம், அண்ணன் பெங்களூரில் ஆசையாய் வாங்கி அட்டை போட்டு வைத்தது. மற்றது எங்களோடு தங்கியிருந்த கல்லாவிக்காரன் செல்வம் கொண்டுவந்த பேய் வேட்டை. விதிகள் நாலே தாள்.

"ரெண்டையும் டிரையல் பாக்கணும். அதே ஆளுங்க, அதே மேஜை, அதே போண்டா. கண்டிஷன் மாறுனா ரிசல்ட் செல்லாது" என்றார் அண்ணன்.

முதல் ஞாயிறு டிராகன். அண்ணன் பக்கம் பக்கமாகப் புரட்டி விதி படித்தார். டிராகன் வருவதற்குள் போண்டா தீர்ந்தது. மஞ்சு சுவரில் சாய்ந்துகொண்டார். "நீங்க ஆடுங்கண்ணா, நான் பாத்துனு இருக்கேன்" என்றதோடு சரி.

அடுத்த ஞாயிறு பேய். செல்வம் கதையை ஆரம்பித்தான். பாழடைந்த மில், உள்ளே ஒரு பேய். நாங்கள் ஓடத் தயாரானபோது, மந்திரவாதியாக இருந்த மஞ்சு அதன் தோளில் கைபோட்டுக் கன்னடத்தில் கேட்டார்: "ஏனப்பா தெவ்வா, ஊட்டா ஆய்தா?" சாப்பிட்டாயா என்று பேயிடம் குசலம்! பகடையும் அவர் பக்கமே விழ, பேய் உட்கார்ந்து செல்வத்தின் வாயால் தன் குடும்பக் கஷ்டத்தைக் கொட்டத் தொடங்கியது. நாங்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம்.

அண்ணன் மட்டும் மஞ்சுவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு நிதானமாகச் சொன்னார்: "பேய் பாஸ். டிராகன் ரிஜெக்ட்."

"உங்க கேமையேவாண்ணா?" என்றான் செல்வம்.

"நம்ம ரூமுக்கு எது செட் ஆவுதோ அதுதான்டா நல்ல பீஸு."

மஞ்சு வீட்டைக் காலி செய்யவில்லை. அந்த டிராகன் புத்தகம், அட்டையோடு, ஆடும் மேஜைக்காலுக்கு முட்டுக் கொடுத்து நிற்கிறது. வைத்தவர் அண்ணனேதான். எங்கள் ரூமில் அண்ணன் இருக்கிறார் என்று கம்பெனி முழுக்கப் பெருமையடித்துக்கொள்கிறேன். இப்படிப்பட்ட மனிதரிடம் நான் எப்படிப் பாஸ் ஆனேன் என்று மட்டும் இன்றுவரை கேட்டதில்லை. மறுபடி ஒருமுறை உற்றுப் பார்த்துவிடுவாரோ என்று பயம்.