காதைப் பொத்திக்கொண்ட கேள்வி சார்

கேள்வி கேட்டே பிழைப்பவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். ஆனால் ஒரு ஊரின் ரகசியத்தையெல்லாம் வாங்கிக்கொண்டு, ஒருத்தர் பெயரைக்கூடத் தெரிந்துகொள்ளாமல் வாழ்ந்தவர் இந்த உலகத்திலேயே எங்கள் கேள்வி சார் ஒருவர்தான்.

எழுபதுகளின் நடுவில், கொஞ்ச காலம் திறந்திருந்த சாராயக் கடைகளை அரசாங்கம் மறுபடி இழுத்து மூடியிருந்தது. கடையை மூடினால் குடி குறைகிறதா, குடிப்பவனை ஜெயிலில் போடுவது நல்லதா, ஆஸ்பத்திரியில் சேர்ப்பது நல்லதா என்று ஆராய்ச்சி செய்ய மெட்ராஸில் ஒரு சர்க்கார் ஆபீசிலிருந்து மரக்காணத்துக்கு வந்து இறங்கினார் அவர். நான் அப்போது உப்பள ஆபீசில் குமாஸ்தா. டீக்கடை பாயின் மாடியறையில் ஒரு கட்டில் எனக்கு, இன்னொன்று அவருக்கு.

முதல் நாள் நான் பெயரைச் சொல்ல வாயைத் திறந்ததுமே இரண்டு காதிலும் விரலை விட்டுக்கொண்டார்.

"வேணாம் சார், வேணாம்! பேர் தெரிஞ்சா நாளைக்கு எவனாச்சும் வந்து கேப்பான், நான் சொல்லித் தொலைச்சிடுவேன். எனக்குப் பொய் வராது."

அன்றிலிருந்து நான் 'எதிர்க்கட்டில்'. பாய் 'இஞ்சி டீ'. "எதிர்க்கட்டில், சோப்பு இருக்குதா?" என்று அவர் மாடியிலிருந்து கத்தினால் தெருவே அண்ணாந்து பார்க்கும்.

ஆராய்ச்சி ஆரம்பமானது. உப்பளத்தில் பாத்தி பாத்தியாகப் போய் "குடிப்பீங்களா?" என்று கேட்டார். "சேச்சே!" என்றார்கள். குடித்தால் ஜெயில் என்று இருக்கும்போது வேறு என்ன சொல்வார்கள்? சாராயக் கடை மூடாத பாண்டிச்சேரிக்குப் போகும் சனிக்கிழமை பஸ்ஸிலும் ஏறி விசாரித்தார். பஸ்ஸில் இருந்த அத்தனை பேருக்கும் மாமியார் வீடு பாண்டிச்சேரியில். அத்தனை மாமியாருக்கும் சனிக்கிழமைதான் உடம்புக்கு முடியாமல் போயிருந்தது. "இவ்வளவு யோக்கியமான ஊரை நான் பாத்ததே இல்ல" என்று தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார்.

நானாவது சும்மா இருந்திருக்கலாம். "பக்கத்து வீட்டுக்காரர் குடிப்பாரான்னு கேட்டுப் பாருங்களேன்" என்றேன். அவ்வளவுதான், மடை திறந்துகொண்டது. ஊரில் எல்லோருடைய பக்கத்து வீட்டிலும் ஒரு மொடாக்குடியன் இருந்தான்.

உப்பு வாரும் ஆரோக்கியம் ஒருவர்தான் நேராகப் பேசினார்.

"நான் குடிப்பேங்க. எங்க மொதலாளிக்கு டாக்டர் சீட்டு குடுக்கறாரு, பர்மிட்டு வாங்கிக் குடிக்கிறாரு. கேட்டா உடம்புக்கு மருந்துங்கறாரு. எனக்கு இருக்கறது உடம்பு இல்லியா? கடையத்தான் மூடினாங்க, தொண்டைய மூடலியே. திருட்டுச் சரக்குல என்ன கலக்குறானுங்கன்னு கர்த்தருக்குத்தான் தெரியும். கண்ணு அவிஞ்சாக்கூட ஆஸ்பத்திரிக்குப் போவ முடியாது, போலீசு வந்துடும். என் பேரு ஆ..."

கேள்வி சார் காதைப் பொத்திக்கொண்டு வரப்போடு வரப்பாக ஓடியே போய்விட்டார்.

ஆனால் அந்தப் பேச்சு அவரை விடவில்லை. இவர்கள் ஏன் குடிக்கிறார்கள் என்று தெரிந்தே ஆகவேண்டும் என்று மறுநாள் காலையில் செருப்பைக் கழற்றிவிட்டு உப்புத் தண்ணீரில் இறங்கி உப்பு வாரினார். மதியம் நொண்டிக்கொண்டே வந்து கட்டிலில் விழுந்தார். பாதமெல்லாம் வெடிப்பு.

"எதிர்க்கட்டில், அது எங்க கிடைக்கும்?"

நான் தேங்காய் எண்ணெய் பாட்டிலை நீட்டினேன். அவர் முகம் தொங்கிப்போயிற்று. எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

இப்படிச் சுகமாகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் ஒரு நாள் காலையில் வெளியூரிலிருந்து மதுவிலக்கு அதிகாரி ஒருவர் ஜீப்பில் வந்து டீக்கடை வாசலில் இறங்கினார். கடை நிறைய ஆள். மூலையில் டீ கிளாசோடு ஆரோக்கியம். உப்பு விளையும் வெயில் காலம் அது. இப்போது உள்ளே போனால் அவர் வீட்டில் உலை கொதிக்காது.

"குடிக்கிறவன் பேரெல்லாம் உங்களுக்குத் தெரியுமாமே. சொல்லுங்க" என்று கேள்வி சாரிடம் கேட்டார் அதிகாரி.

"ஒரு பேரும் தெரியாதுங்க."

"இத்தினி மாசமா இங்கயே இருக்கீங்க! உங்க ரூம்ல இருக்கறவர் பேராச்சும் தெரியுமா?"

"எதிர்க்கட்டில்."

"டீக்கடைக்காரர்?"

"இஞ்சி டீ."

"அல்லா மேல சத்தியமா அப்பிடித்தாங்க கூப்புடுவாரு" என்றார் பாய் பரிதாபமாக.

அதிகாரிக்கு முகம் சிவந்துவிட்டது. "சரி, பேர் வேணாம். ஆளைக் கைகாட்டுங்க. இல்லன்னா மேல எழுதுவேன், உங்க வேலை இருக்காது."

கேள்வி சார் எல்லார் முகத்தையும் ஒரு சுற்றுப் பார்த்தார். பார்வை ஆரோக்கியத்தின் முகத்தில் வந்து நின்றது. ஆரோக்கியம் டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டார். இந்த மனுஷனுக்குத்தான் பொய் வராதே!

"எல்லாரும் ஒரே பதில்தாங்க சொன்னாங்க" என்றார் கேள்வி சார். "இந்த ஊர்ல குடிக்கிறது பக்கத்து வீட்டுக்காரர் மட்டும்தான். அவரைப் பிடிச்சிட்டுப் போங்க."

பாய்தான் முதலில் சிரித்தார். கடையே சிரித்தது. ஜீப் வந்த வழியே போனது. பொய் வராத மனுஷர், ஆரோக்கியத்துக்காக அந்த 'எல்லாரும்' என்ற கணக்கில் ஒரே ஒரு ஆளை மட்டும் சேர்க்காமல் விட்டிருந்தார்.

அதிகாரி சொன்னபடி எழுதிவிட்டார் போலிருக்கிறது. ஆராய்ச்சியை நிறுத்திவிட்டுத் திரும்பச் சொல்லிச் சீக்கிரமே உத்தரவு வந்தது. வழியனுப்ப ஊரே பஸ் ஸ்டாண்டில் நின்றது. ஆரோக்கியம் ஒரு பை உப்பு கொண்டுவந்து அவர் மடியில் வைத்தார்.

பஸ் கிளம்பும்போது கேள்வி சார் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"வேலை முடிஞ்சிடுச்சு. இனிமே என்னை யாரும் கேக்க மாட்டாங்க. இப்பச் சொல்லுங்க, உங்க பேர் என்னங்க?"

சொன்னேன். ஒன்றுக்கு இரண்டு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டார். அவர் பெயரைத் திருப்பிக் கேட்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுவதற்குள் பஸ் போய்விட்டது.

என் பெயரை அத்தனை ஆசையாக அதற்குப் பிறகு யாரும் கேட்டதில்லை.