பதினொரு பேர் தேர்ந்தெடுத்த விசிறி

நெருப்பைக் கண்டுபிடித்தது மனித குலத்தின் முதல் சாதனை. அது ஏன் சுடுகிறது என்று ஆராயக் குழு அமைத்தது இரண்டாவது சாதனை. இந்த இரண்டாவதில் எங்கள் கம்பெனியை மிஞ்ச ஆளில்லை என்று மார்தட்டிச் சொல்வேன்.

தைப்பேயை ஒட்டிய சுங்ஹேயில் நாங்கள் கம்ப்யூட்டர் பிராசஸரைக் குளிர்விக்கும் விசிறியும் அதோடு பொருத்தும் வெப்பத் தகடும் செய்கிறோம். கம்ப்யூட்டரோடு வரும் விசிறி போதாது என்று உலகத்துக்குப் புரியவைப்பதே எங்கள் தொண்டு. எங்கள் ஆபீசிலேயே ஒரு கம்ப்யூட்டர் சூடு தாங்காமல் அணைந்தால் அது சாதாரண விஷயமா?

அது யே ரூஹானின் கம்ப்யூட்டர். எங்கள் புது மாடலைக் கண்காட்சிக்காக அதில்தான் வரைந்துகொண்டிருந்தாள். வெள்ளிக்கிழமைக்குள் படம் முடிந்தால் வேலை நிரந்தரம். இல்லாவிட்டால் சீட்டுக் கிழிந்துவிடும். கம்ப்யூட்டரோ இருபது நிமிடத்துக்கு ஒருமுறை உயிரை விட்டது.

"சார், நல்ல விசிறியா ஒண்ணு மாட்டிக் குடுங்க, போதும்," என்றாள் பிரிவுத் தலைவர் குவோவிடம்.

"மாட்டிடலாம்மா. ஆனா முறைப்படி மாட்டணுமில்ல?"

திங்களன்று 'வெப்ப நிவாரணக் குழு' உதயமானது. பதினொரு உறுப்பினர்கள். குறிப்பெழுதும் பாக்கியம் எனக்கு. யார் டீயில் எவ்வளவு சர்க்கரை, எத்தனை ஐஸ் என்பதை முக்கால் மணி நேரம் 'விவாதித்து' முடித்தோம். பிறகு இன்ஜினியர் ஜுவாங் எழுந்தார்.

"எதுக்கு யோசனை? நம்ம கம்பெனி 'வெள்ளிச் சூறாவளி' இருக்கே! ஆறு செப்புக் குழாய், ரெண்டு விசிறி, நாப்பத்தெட்டு கலர் லைட்டு!"

எல்லோரும் டீக் குவளைக்குள் எதையோ தேடினார்கள்.

"அது ரொம்ப ஒசத்தியாச்சே," என்றார் குவோ.

"ஆமா ஆமா, ஆபீசுக்கெல்லாம் அது அதிகம்," என்றார் விற்பனைப் பிரிவு ஷு அக்கா.

"அப்ப எதிர்த்தெரு கம்பெனியோடதை வாங்கலாமா?" ரூஹான் கேட்டாள்.

"துரோகம்!" என்று பதினொரு குரல்கள் எழுந்தன. குழு ஒற்றுமையாகப் பேசியது அப்போதுதான்.

செவ்வாயும் இப்படியே போனது. புதனன்று ஷு அக்கா நோயின் மூலத்தையே பிடித்துவிட்டார்.

"மெஷின் மேல வெச்ச பச்சைப் பொட்டலத்துல தேதி பாத்தீங்களா?"

தேங்காய் வாசனைத் தின்பண்டம் அது. அதை எந்த மெஷின் மேல் வைத்தாலும் மெஷின் அடம்பிடிக்காமல் ஓடும் என்பது எங்கள் ஊர் நம்பிக்கை. தேதி தாண்டக் கூடாது, பிரித்துத் தின்னக் கூடாது.

"போன மாசமே முடிஞ்சிருச்சு!"

"அடப் பாவமே! அது கோச்சுக்காம என்ன செய்யும்?"

பெரிய பொட்டலமாக மூன்று வாங்கி, கம்ப்யூட்டர் தலையில் பயபக்தியோடு அடுக்கினோம். சூடான காற்று வெளியேறும் துளைகளும் தலையில்தான் இருந்தன. அடுத்த ஆறே நிமிடத்தில் கம்ப்யூட்டர் அணைந்தது.

"இன்னும் ரெண்டு வைங்க," என்றார் குவோ.

ரூஹானுக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. ஒரு பொட்டலத்தைக் கிழித்து எங்கள் கண்ணெதிரே மென்றாள்.

"ஐயையோ, தின்னுட்டாளே!"

"காத்து போற ஓட்டையை அடைச்சு வெச்சிட்டு கும்பிடவா செய்றீங்க?"

மத்தியானமே எதிர்த்தெருவுக்குப் போய், லைட்டே இல்லாத ஒற்றை விசிறி ஒன்றை வாங்கிவந்து நாலு திருகாணி முடுக்கினாள். வெள்ளி காலை படம் முடிந்தது. அதில் எங்கள் விசிறி கண்ணைப் பறித்தது.

குவோ பாராட்ட வந்தவர் பக்க மூடியைத் திறந்து பார்த்துக் கொதித்துப்போனார்.

"எதிரியோட விசிறி! நம்ம ஆபீஸ்லயா?"

"தப்புதான் சார். வேற யாரும் வெச்சிருக்காங்களான்னு எல்லா கம்ப்யூட்டரையும் தொறந்து பாத்துரலாம்," என்றாள் அவள், திருப்புளியை எடுத்தபடி. "உங்களோடதுல ஆரம்பிக்கவா?"

ஜுவாங் தன் கம்ப்யூட்டர் பெட்டிக்கு முன்னால் போய் நின்றுகொண்டார். நானும் நாற்காலியை இழுத்து என்னுடையதை மறைத்தேன். குவோ மெல்ல அவளுடைய கம்ப்யூட்டர் மூடியைச் சாத்தினார்.

"வேலை நிரந்தரம்மா. வாழ்த்துகள்."

குழுவின் இறுதித் தீர்மானத்தை நானே பெருமையோடு எழுதினேன்: 'உலகிலேயே சிறந்த விசிறி நம்முடையதுதான். இவ்வளவு நல்ல பொருளை நாமே வைத்துக்கொள்வது சுயநலம் என்பதால், ஒன்றுகூட மிச்சம் வைக்காமல் அத்தனையையும் வாடிக்கையாளர்கள் தலையிலேயே கட்டிவிடுவது என்று ஒருமனதாகத் தீர்மானிக்கப்பட்டது.'