கெல்டிபெக் ஏன் சாகவில்லை?

கெல்டிபெக் மூன்றாவது முறையும் சாகவில்லை.

ஜனார் அவரை இரண்டு ஜன்னல்களுக்கு நடுவில் உட்காரவைத்து, இரண்டையும் விரியத் திறந்துவிட்டு, தலையில் ஒரு வாளித் தண்ணீரையும் ஊற்றிவிட்டுக் காத்திருந்தாள். ஈரத்தலையோடு எதிர்க்காற்றில் உட்கார்ந்தவர் பிழைத்ததாக அல்மாத்தி நகரத்தில் சரித்திரமே கிடையாது. மருத்துவப் புத்தகங்கள் இதை ஒப்புக்கொள்வதில்லை. ஊரிலுள்ள அத்தனை அம்மாக்களும் ஒப்புக்கொள்கிறார்கள், எனவே அதுதான் உண்மை.

கெல்டிபெக் கணினித் திரைக்குள் இருக்கும் ஆள். 'நம்ம முற்றம்' என்று ஜனார் வேலை பார்க்கும் அலுவலகம் உருவாக்கிக்கொண்டிருந்த விளையாட்டில் ஒரு கிராமமே இருந்தது. ஆடுகிறவர் அந்த ஜனங்களுக்கு வீடு கட்டித்தந்து, சோறு போட்டு, கல்யாணம் செய்துவைக்கலாம். பாசமாக வளர்க்கத்தான் இதையெல்லாம் வாங்குகிறோம் என்று எல்லோரும் சொல்வார்கள். வாங்கின அன்றே அவர்கள் தேடிப் பார்ப்பது, வளர்த்ததை எப்படியெல்லாம் சாகடிக்கலாம் என்பதைத்தான். ஏன் என்று கேட்டால் ஒருவருக்கும் பதில் சொல்லத் தெரியாது.

அதனால் பணம் போடும் தலைநகர் அஸ்தானா நிறுவனம் ஒரு நிபந்தனை வைத்திருந்தது. வேறெந்த ஆட்டத்திலும் இல்லாத விசித்திரச் சாவுகள் பன்னிரண்டு வேண்டும். இன்று மாலை நான்கு மணிக்கு அவர்களுடைய ஆள் நேரில் வந்து பார்ப்பார். பன்னிரண்டும் நடந்தால் ஆட்டம் வெளிவரும். நடக்காவிட்டால் ஒன்பது பேர் வேலை பார்க்கும் இந்த அலுவலகம் மூடப்படும். ஜனார் சொந்த ஊரான தராஸுக்குத் திரும்பிப்போய்ச் சித்தியின் மருந்துக்கடையில் இருமல் மருந்து விற்கவேண்டியதுதான். சித்தி அவளுக்காக வெள்ளை அங்கிகூடத் தைத்து வைத்துவிட்டாள்.

"மெய்ராம், இங்க வா. உன் ஆளு என்ன பண்றான் பாரு" என்று நிரல் எழுதுகிறவனை ஜனார் கூப்பிட்டாள்.

"என்ன பண்றான்?"

"டீ குடிக்கிறான்."

மெய்ராம் நாற்காலியோடு உருண்டு வந்து பார்த்தான். அந்த ஆட்டத்தில் மரணத்தின் பெயர் அஜால். கறுப்பு அங்கியும் கையில் சாட்டையுமாக வந்து, சாட்டையால் ஒரு தட்டுத் தட்டினால் ஆள் முடிந்தான். அஜால் நேரத்துக்கு வந்திருந்தார். ஆனால் சாட்டையை வாசல் ஆணியில் மாட்டிவிட்டு, காலணியைக் கழற்றிவிட்டு, விரிப்பில் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தார். கெல்டிபெக் தலையிலிருந்து நீர் சொட்டச் சொட்ட அவருக்கு ரொட்டி பிட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

"ஐயோ. போன வாரம் விருந்தாளி விதி போட்டேன்ல? வாசப்படி தாண்டி யாரு வந்தாலும் விருந்தாளின்னு" என்றான் மெய்ராம்.

"யாரு வந்தாலுமா?"

"யாரு வந்தாலும்தான். நம்ம ஊர்ல வேற எப்படிப் போடறது?"

ஜனாராலும் அதை மறுக்க முடியவில்லை. அந்த நேரத்தில்தான் அவர்கள் அலுவலகக் கதவும் திறந்து, நரித்தோல் தொப்பி போட்ட ஒரு பெரியவர் உள்ளே எட்டிப்பார்த்தார். ஐம்பத்தைந்து வயதிருக்கும். கையில் பழைய தோல்பை.

"ஏர்கெபுலான் இருக்காரா?"

முதலாளி ஏர்கெபுலானுக்கும் இதே அகல நெற்றிதான். அவருடைய தாய்மாமன் போலிருக்கிறது என்று ஜனார் முடிவு கட்டினாள். முதலாளி உள்ளறையில் தொலைபேசியில் கத்திக்கொண்டிருந்தார். அண்ணன் முறை வைத்து 'அகா' என்று அழைக்கவேண்டிய பெரியவரை நிற்கவைக்க முடியுமா?

"வாங்க அகா, வாங்க. இப்படி சோபாவுல உட்காருங்க, இங்கதான் கொஞ்சம் சூடா இருக்கும்."

"இல்லம்மா, நான் ஒரு விஷயமா..."

"விஷயம் எங்க ஓடிப்போகுது? மொதல்ல டீ குடிங்க."

வந்தவரிடம் சாப்பாட்டுக்கு முன் என்ன வேலையாக வந்தீர்கள் என்று கேட்பது பெரிய மரியாதைக் குறைவு. ஜனார் பால்தேநீரும் எண்ணெயில் பொரித்த பவுர்சாக்கும் கொண்டுவந்து வைத்தாள். பெரியவர் பையை மடியில் வைத்தபடி ஒரு பவுர்சாக்கைக் கடித்தார்.

மெய்ராம் அதற்குள் விதியைத் திருத்திவிட்டான். இனி அஜால் சாட்டையைக் கையிலிருந்து விடமாட்டார். ஜனார் மறுபடி ஜன்னல்களைத் திறந்தாள், தண்ணீர் ஊற்றினாள். அஜால் சாட்டையோடு உள்ளே நுழைந்தார்.

நுழைந்ததும் அக்கம்பக்கத்து வீட்டுக் கதவுகளெல்லாம் படபடவென்று திறந்தன.

"இது என்ன?"

"சாட்டையோட உள்ள வந்தா சண்டைக்கு வந்ததா அர்த்தம்ல? சண்டைன்னா ஊர்க்காரங்க சமாதானம் பண்ண வருவாங்க. அதுவும் நான் போட்ட விதிதான்" என்று மெய்ராம் தலையைச் சொறிந்தான்.

வந்தவர்கள் சும்மா வரவில்லை, ஆட்டை இழுத்துக்கொண்டு வந்தார்கள். பத்தே நிமிடத்தில் விருந்து களைகட்டியது. அஜாலை நடுவீட்டில் மரியாதையான இடத்தில் உட்காரவைத்து, வெந்த ஆட்டுத்தலையை அவர் முன்னால் வைத்தார்கள்.

பெரியவர் சோபாவிலிருந்து கழுத்தை நீட்டினார். "இத்தன கூட்டமா இருக்கே, யாருக்கும்மா கல்யாணம்?"

"கல்யாணம் இல்ல அகா, சாவு."

"சாவா? எங்க?"

"அதோ, ஆட்டுக்காத அறுத்துக் குழந்தைக்குக் குடுக்கறாரே, அவருதான்."

பெரியவர் உற்றுப் பார்த்தார். "நல்ல மனுஷனாத்தான் தெரியறார்" என்றார். "ஆமா, அந்த ஈரத்தலைக்காரன் எதுக்குச் சாகணும்? என்ன தப்பு பண்ணான்?"

"ஒண்ணும் பண்ணல அகா. அவன் செத்தாத்தான் நாங்க பொழைப்போம்."

 ஜனார் திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே கை நீட்டிப் பெரியவரின் காலிக் கோப்பையை வாங்கி, ஊற்றி, திருப்பிக் கொடுத்தாள்.

மணி பன்னிரண்டு. விருந்து முடிந்தால்தானே அஜால் வேலையைப் பார்ப்பார்? அது முடிகிற வழியாகத் தெரியவில்லை. ஒருவர் எழுந்தால் நாலு பேர் கையைப் பிடித்து உட்காரவைத்தார்கள்.

அப்போதுதான் ஜனாருக்கு அந்த யோசனை வந்தது. அந்த ஊர் வழக்கப்படி விருந்தாளிக்குக் கோப்பை நிறையத் தேநீர் ஊற்றமாட்டார்கள். பாதிதான் ஊற்றுவார்கள், பத்துத் தடவை ஊற்றுவார்கள். எத்தனை தடவையோ அத்தனை மரியாதை. விளிம்பு வரை ஊற்றிக் கொடுத்தால், குடித்துவிட்டு நடையைக் கட்டு என்று பொருள்.

"கெல்டிபெக்க முழுக் கோப்பை ஊத்த வைக்கலாம் மெய்ராம். அஜால் எழுந்திருவாரு. எழுந்தா சாட்டை கைல இருக்கு. ஒரு தட்டு, முடிஞ்சுது."

"பெரிய அவமரியாதைப்பா அது."

"சாகப்போறவனுக்கு என்ன மரியாத? ஊத்து."

கெல்டிபெக் ஊற்றினார்.  அஜால் கோப்பையைப் பார்த்தார், கெல்டிபெக்கைப் பார்த்தார், எழுந்தார். காலணியை மாட்டிக்கொண்டு வெளியே போனார். யாரையும் தட்டாமல், திரும்பிக்கூடப் பார்க்காமல், கிராம எல்லையைத் தாண்டிப் போய்விட்டார்.

"கோவிச்சுக்கிட்டாரு" என்றார் பெரியவர் வருத்தமாக.

தலைவலி போய்த் திருகுவலி வந்தது. இதுவரை கெல்டிபெக் ஒருவர்தான் சாகாமல் இருந்தார். இப்போது கிராமத்தில் யாருமே சாகவில்லை. கல்யாண விருந்தில் ஒருவர் மூன்று மணி நேரம் வாழ்த்துரை வழங்க, அது முடியுமுன் கைவைக்கக்கூடாதென்று நிரம்பிய தட்டுக்கு முன்னால் பசியில் உயிர்விடும் மாப்பிள்ளை எழுந்து உட்கார்ந்து, அப்புறம் என்று கேட்டார். மூத்தவர் இருக்க வயதில் சின்னவனுக்கு ஆட்டுத்தலையை வைத்துவிட்ட வெட்கத்திலேயே மாண்டுபோகும் வீட்டுக்காரர் கன்னத்தில் போட்டுக்கொண்டு எழுந்தார். மடக்குக் கட்டிலுக்குள் மடங்கிப்போன பெண்மணி உள்ளேயிருந்தபடியே மணி என்ன என்று விசாரித்தாள். பன்னிரண்டு சாவில் ஒன்றுகூடத் தேறவில்லை.

முதலாளி உள்ளறையிலிருந்து தலையை நீட்டினார். "எல்லாம் தயாரா ஜனார்?"

"தயாராகிட்டே இருக்கு அகா."

அவர் சோபாவைப் பார்த்து நெஞ்சில் கைவைத்துக் குனிந்து வணக்கம் சொன்னார். "நல்லா இருக்கீங்களா? வீட்ல எல்லாரும் சௌக்கியமா? சாப்பிடுங்க, சாப்பிடுங்க. ஜனார், இவருக்குக் கறி வெச்ச மந்திக் கொழுக்கட்டை வரவழை, சூடா." சொல்லிவிட்டு மறுபடி தொலைபேசிக்குப் போய்விட்டார்.

"ஏர்கெபுலான், நான் வந்தது வந்து..." என்று பெரியவர் தொடங்குவதற்குள் கதவு மூடிக்கொண்டது.

ஆவி பறக்க மந்தி வந்தது. பெரியவர் பையை மடியிலிருந்து இறக்கித் தரையில் வைத்துவிட்டு, முட்டைக்கோஸ் சாலட்டையும் ஒரு கை பார்த்தார். சாப்பிட்டுக்கொண்டே ஒன்றொன்றாகக் கேட்டார். மடக்குக் கட்டில் சாவை யார் கண்டுபிடித்தது? "நான்தான் அகா, எங்க வீட்டுக் கட்டில் ஒரு தடவ என்னை மடக்கிடுச்சு." எதிர்க்காற்று? "அம்மா." வாழ்த்துரை? "அக்கா கல்யாணம், நேர்ல பட்டது." பெரியவர் தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டு வயிறு குலுங்கச் சிரித்தார்.

பிறகு அவரே ஒரு வழி சொன்னார். "கோவிச்சுட்டுப் போனவர விட்டுடக்கூடாதும்மா. கூட்டிட்டு வந்து தோள்ல ஒரு நல்ல சபான் அங்கியப் போத்தி மன்னிப்பு கேட்டா எந்த மனுஷனும் இறங்கி வருவான்."

ஜனாருக்குக் கண்ணில் வெளிச்சம் வந்தது. கெல்டிபெக்கை எல்லை வரை ஓடவைத்து, பொன் சரிகை வேலைப்பாடு செய்த வெள்ளைச் சபானை அஜாலின் தோளில் போர்த்தவைத்தாள். அஜால் மனமிரங்கினார். தன் கறுப்பு அங்கியைக் கழற்றிக் கெல்டிபெக்கிடம் பதில் மரியாதையாகக் கொடுத்துவிட்டு, சபானைப் போட்டுக்கொண்டு ஊருக்குள் வந்தார்.

மெய்ராம் தலையில் கைவைத்துக்கொண்டான். "போச்சு! கறுப்பு அங்கிய வெச்சுத்தான் அவரு மரணம்னு ஆட்டத்துக்கே தெரியும்."

"இப்ப?"

"இப்ப அவரு சாதாரண ஆளு. கல்யாணம் ஆகாத ஆம்பள."

கல்யாணமாகாத ஆம்பளையைக் கிராமம் சும்மா விடுமா? மூன்று மணிக்குத் தபால்காரி பாத்திமாவுக்கும் அஜாலுக்கும் நிச்சயமாயிற்று. மூன்றேகாலுக்குக் கல்யாணம். ஜனார் குறுக்கே எதைச் சொடுக்கினாலும் இன்னும் நாற்பது விருந்தாளிகள் வந்தார்கள். மூன்றரைக்கு ஒருவர் எழுந்து கனைத்துக்கொண்டு வாழ்த்துரையைத் தொடங்கினார்.

"நிறுத்து, அந்தாள நிறுத்து!" என்று ஜனார் அலறினாள்.

வாழ்த்துரையை நிறுத்த யாரால் முடியும்? மாப்பிள்ளை அஜால் நிரம்பிய தட்டுக்கு முன்னால் பசியில் மெல்லச் சரிந்தார். சாவு நேர்ந்தால் மரணத்தைக் கூப்பிட வேண்டும் என்பது ஆட்டத்தின் விதி. அது அந்தக் கறுப்பு அங்கியைத் தேடியது. அங்கி கெல்டிபெக்கின் தோளில் இருந்தது.

கெல்டிபெக் அங்கியோடு வந்த சாட்டையை எடுத்துக்கொண்டு கல்யாண வீட்டு வாசலுக்கு வந்தார். சாட்டையை விடக்கூடாது என்ற விதி அஜாலுக்கு மட்டும்தான், அதனால் அதை ஆணியில் மாட்டினார். காலணியைக் கழற்றினார். உள்ளே போய்ச் சம்மணமிட்டு உட்கார்ந்தார். பாத்திமா அவருக்குத் தேநீர் ஊற்றினாள்.

அத்தோடு திரை அசையாமல் நின்றுவிட்டது. மணி நான்கு.

ஜனார் மேசையில் நெற்றியை வைத்துக்கொண்டாள். அழுகை வந்தது, கொஞ்சம் அழவும் செய்தாள். பெரியவர் பவுர்சாக்குத் தட்டை அவள் பக்கம் நகர்த்திவைத்தார். அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு அவருடைய கோப்பையை வாங்கி இன்னொரு தடவை பாதி ஊற்றிக் கொடுத்தாள்.

நாலேகாலுக்கு முதலாளி வெளியே வந்தார். முகம் வெளுத்திருந்தது.

"அஸ்தானால பேசினேன். அவங்க ஆளு இனிமே வரமாட்டாராம்."

"ஏன் அகா?"

"காலைலயே வந்துட்டாராம்! பத்து மணிக்கே இங்க வந்து சேர்ந்துட்டதா சொல்றாங்க. யாராவது பார்த்தீங்களா?"

"யாரும் வரலையே. உங்க மாமாதான் வந்தாரு."

"எங்க மாமாவா? எனக்கு மாமாவே கிடையாது. தராஸ்லேருந்து உங்க அப்பா வந்திருக்காருன்னுல்ல நான் மந்தி வாங்கச் சொன்னேன்?"

 ஒன்பது பேரும் மெதுவாகச் சோபாவின் பக்கம் திரும்பினார்கள். பெரியவர் வாயிலிருந்ததை விழுங்கிவிட்டு, கைக்குட்டையால் மீசையைத் துடைத்துக்கொண்டார்.

ஜனார் எழுந்து நின்றாள்.  ஒரு சாவுகூட நடக்காததை முழுநாளும் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவர் இவர். ஒளிக்க இனி என்ன இருக்கிறது?

"அகா, எல்லாத்தையும் நீங்களே பார்த்துட்டீங்க" என்றாள். "எங்கள மூடிடுவீங்களா?"

பெரியவர் தோல்பையைத் திறந்து, முத்திரை வைத்த ஒரு காகிதத்தைப் பாதி வெளியே இழுத்தார். கையிலிருந்த கோப்பைக்குள் ஒரு தடவை எட்டிப்பார்த்தார். காகிதத்தை மறுபடி உள்ளே தள்ளினார்.

"மூடறதுக்குத்தானம்மா காலைல பத்து மணிக்கே வந்தேன், நீதான் இன்னும் ஒரு தடவகூடக் கோப்பைய நிரப்பி ஊத்தலையே!"